ஊட்டியிலிருந்து சென்னைக்கு விமானம்: நேரம் உண்மையிலேயே மிச்சமாகிறதா?

கோவை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 405 கிலோமீட்டர். டிக்கெட்டில் 70 நிமிடம் என்று இருக்கும். வானத்தில் பறப்பது 50 நிமிடம் போலத்தான். மீதி ஓடுபாதைக்கு நகர்வதிலும் முறைக்குக் காத்திருப்பதிலும் போகும். இதுவரை குறையே இல்லை. ஊட்டிக்காரர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய 90 கிலோமீட்டரை.

ஊட்டியிலிருந்து குன்னூர் 19, அங்கிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் 32, பிறகு விமான நிலையம் இருக்கும் பீளமேடு 40. காரில் மூன்று மணி நேரம், ஞாயிறு மாலையில் நான்கு. விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டர் பொதுவாக விமானத்துக்கு 60 நிமிடம் முன் மூடிவிடும். ஆகவே 11.30 விமானத்துக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். சென்னைக்குள் வீடு போய்ச் சேர இரண்டாகும். மொத்தம் எட்டு மணி நேரம்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் காந்திபுரம் பக்கம் போகவே வேண்டாம். துடியலூரில் பிரிந்து சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போனால் நகர நெரிசல் தப்பும். மே மாதக் கூட்டத்தில் ஒருவழிப்பாதை போடுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அப்போது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கூடும்; அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள். கோவையிலிருந்து வண்டி வரவழைத்தால் அது நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்குத் தேவையில்லை. நாங்கள் உள்ளூர் வண்டியையே சொல்வோம். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநருக்குப் பழக்கம். கீழ்நாட்டு ஓட்டுநர் சிலர் பிரேக்கை மிதித்தபடியே 14 கொண்டை ஊசி வளைவையும் இறங்குவார்கள். கல்லாறு வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ரயிலோடு ஒப்பிட்டால்? நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்பி, காலை ஆறரை வாக்கில் சென்ட்ரலில் விடும். ஊட்டியில் மாலை ஐந்தரைக்கு இறங்க ஆரம்பித்தால் போதும். பதின்மூன்று மணி நேரம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி தூக்கம். பகல் முழுதும் வேலைக்குக் கையில் இருக்கும். காலையில் ஆஸ்பத்திரியோ நேர்காணலோ இருந்தால் ரயில்தான் சரி. படுக்கை கிடைக்காவிட்டாலோ, சாவுச் செய்தி போன்ற அவசரத்துக்கோ விமானம்.

பையைப் பற்றி ஒரு சொல். வர்க்கி கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் செய்யும் பெட்டியில் தூளாகிவிடும். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றும். பாட்டில்களை அடுக்கி எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் பார்க்காதீர்கள்.

திரும்பும்போது மதியம் இரண்டுக்குள் கோவையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். பர்லியாற்றை வெளிச்சத்திலேயே தாண்டலாம். போகியன்று காலை சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாகும், அந்த நாளைத் தவிருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை எச்சரிக்கை வந்தால் முதல் நாளே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கித் தங்கிவிடுங்கள். மண் சரிந்தால் குன்னூர்ப் பாதை, கோத்தகிரிப் பாதை, மலை ரயில் மூன்றுமே ஒரே இரவில் அடைபடக்கூடும்.