கேசினோ சீட்டு திருடு போனால், படிவத்துக்கு முன்பே அதை முடக்கச் சொல்லுங்கள்

கேசினோ எனும் சூதாட்டக் கூடத்தில், பணம் செலுத்தி ஆடும் ஸ்லாட் இயந்திரத்தில் ஆட்டத்தை முடித்து, எனக்குச் சேர வேண்டிய தொகைக்கு அது அச்சிட்டுத் தந்த சீட்டுடன் காசாளர் முகப்பு வரிசையில் நின்றிருந்தபோது, என் சட்டைப் பையிலிருந்து அதை யாரோ உருவிவிட்டார்கள். அது தெரிந்தவுடன் மேற்பார்வையாளரிடம் சென்று, எந்த இயந்திரம், ஏறத்தாழ எந்த நேரம், எவ்வளவு தொகை என அனைத்தையும் கூறினேன். அவரோ ஒரு படிவத்தை நீட்டி, பாதுகாப்புப் பிரிவினர் வரும்வரை அமர்ந்திருக்கச் சொன்னார். அவர்கள் வந்து கணினியைப் பார்த்தபோது, கூடத்தின் மறுகோடியிலிருந்த தானியங்கி இயந்திரத்தில் அந்தச் சீட்டுக்குப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. நான் புகார் சொன்ன பிறகுதான் அது எடுக்கப்பட்டது என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இச்சீட்டில் ஆடியவரின் பெயர் இருப்பதில்லை. தொகை, தேதி, நேரம், இயந்திர எண் ஆகியவற்றுடன் ஒரு பார்கோடும் அதற்குரிய நீண்ட சரிபார்ப்பு எண்ணும் மட்டுமே அச்சாகியிருக்கும். கொண்டுவந்து நீட்டுபவர் யாராயினும் அவருக்கே இயந்திரம் பணம் தந்துவிடும். ஆனால் பணம் வழங்கப்படும்வரை அது கணினியில் நிலுவையாகவே இருக்கும் என்பதால், இயந்திர எண்ணையும் நேரத்தையும் கொண்டு ஊழியர்கள் அதைத் தேடி நிறுத்திவைக்க முடியும். என் விஷயத்தில் செய்யாமல் விட்டது இதைத்தான். எனவே, படிவம் எதையும் நிரப்புவதற்கு முன், சீட்டை உடனே முடக்குமாறு வற்புறுத்துங்கள். முறையிட்ட நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் அட்டையைச் செருகி ஆடியிருந்தால், அந்த ஆட்டம் உங்களுடையது என்பதற்கு அதுவே பதிவாகும். சீட்டைப் படமெடுத்து வைப்பதும் உதவும். ஆனால் பார்கோடு தெரியும் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு அன்றைக்கே எழுத்தில் கேட்க வேண்டும், ஏனெனில் பழைய பதிவுகள் நாட்கணக்கில் அழிக்கப்பட்டுவிடும்.

தொலைந்த சீட்டை எவரும் எடுக்காவிட்டாலும், அதில் குறித்த காலம் கடந்ததும் அது செல்லாததாகிவிடும். அமெரிக்காவின் நெவாடாவில், 2011-இல் வந்த சட்டப்படி, அவ்வாறு காலாவதியான சீட்டுகளின் மதிப்பில் 75 விழுக்காடு மாநில அரசுக்கும் மீதி கேசினோவுக்கும் செல்கிறது. தொலைத்தவருக்கு அதில் பங்கில்லை.

பணம் வழங்கப்பட்டுவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று நிர்வாகம் எனக்குப் பதில் எழுதியது. நான் முறையிட்ட நேரத்தையும் பணம் எடுக்கப்பட்ட நேரத்தையும் அருகருகே குறிப்பிட்டு, சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் அளித்திருக்கிறேன்.