முழுநேரமா, சில நாள் மட்டுமா? ஃபாஸ்டர் பராமரிப்பில் இரண்டு வழிகள்

பெற்றோருடன் இப்போதைக்கு இருக்க முடியாத குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் பராமரிப்பு என்றால் முழுநேரப் பொறுப்பு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பல நாடுகளில் இன்னொரு வழியும் உண்டு: வேறொரு ஃபாஸ்டர் குடும்பத்துக்கோ திணறும் பெற்றோருக்கோ ஓய்வு கொடுக்க, மாதத்தில் சில நாள் மட்டும் குழந்தையை ஏற்பது.

முழுநேரம் என்றால் பள்ளி, மருத்துவம், இரவுத் தூக்கம் எல்லாம் உங்கள் தலையில். ஆனால் முக்கிய முடிவுகளை எடுக்கும் உரிமை பெரும்பாலும் பெற்றோரிடமோ அரசிடமோதான்; முடி வெட்டக்கூடச் சில இடங்களில் அனுமதி கேட்க வேண்டும். பெற்றோர் பார்த்துவிட்டுப் போன நாளில் குழந்தை சாப்பிட மறுக்கலாம், சண்டை போடலாம். அப்புறம், நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு வீடு திரும்பலாம். அதற்காகத்தானே இந்த ஏற்பாடே! குழந்தையின் சொந்த வீடு இருக்கும் வட்டாரத்திலேயே நீங்கள் வசிப்பது இங்கே பெரிய உதவி. பள்ளியும் நண்பர்களும் மாறுவதில்லை. 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் குழந்தையை அதன் வசிப்பிடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே வைக்கச் சொல்கின்றன.

சில நாள் பராமரிப்பு, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதானது. அதற்காகப் பின்னணி விசாரணையும் பயிற்சியும் இல்லாமல் போகாது. ஒரே வீட்டுக்கே குழந்தை திரும்பத் திரும்ப வந்தால்தான் பயன். ஒவ்வொரு முறையும் புது முகமென்றால் அதற்குத்தான் கஷ்டம்.

தயக்கம் இருப்பவர்கள் இரண்டாவதில் தொடங்கலாம் என்பேன். குழந்தை திரும்பிப் போவதையே ஏற்க முடியாதவர்கள் தத்தெடுப்பைப் பற்றி விசாரிக்கட்டும். அதன் சட்டமே வேறு.