ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா? என் ரிவ்யூ

வீட்ல பயாலஜி படிக்கிற பசங்க இருந்தா யோசிக்காம வாங்குங்க. ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ், ஜிம் சிபுல்ஸ்கி ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்ச பேப்பர் மைக்ராஸ்கோப் இது, 2014ல தான் வெளிய பேசப்பட்டுச்சு. பேப்பர்னா நனைஞ்சு போயிடுமேன்னு பயம் வேணாம், தண்ணி தாங்குற பேப்பர் தான், நாமளே மடிச்சு சேக்கணும். மிளகை விட சின்னதா ஒரு குண்டு லென்ஸ், அவ்ளோதான், 140 மடங்கு பெருசா காட்டும்.

எங்க வீட்ல மொதல்ல பாத்தது வெங்காயம். உள்பக்கத்து மெல்லிசு தோலை மெதுவா இழுத்து எடுத்து, ஸ்லைடுல விரிச்சு ஒரு சொட்டு அயோடின் விட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா, செங்கல் அடுக்குன மாதிரி செல்லுங்க வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு மஞ்ச புள்ளி, அதான் நியூக்ளியஸ், செல்லோட உட்கரு. பொண்ணு உடனே கேட்டா, "ஏம்ப்பா இது ஓரமா ஒட்டிட்டு இருக்கு, நடுவுல தானே இருக்கணும்?"னு. செல்லோட நடுவுல வாக்குவோல்னு தண்ணி நிறைஞ்ச பெரிய பை ஒண்ணு இடத்த புடிச்சிக்கிட்டு நியூக்ளியஸை ஓரத்துக்கு தள்ளிடுது. அப்புறம் கன்னத்து உள்பக்கம் பஞ்சு குச்சியால லேசா தேய்ச்சு மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயம் போட்டு பாத்தோம், அங்க செல் சுவர் கிடையாது, அதனால கோணல்மாணலா இருக்கு, நியூக்ளியஸ் பெரும்பாலும் நடுவுல. தாவர செல் விலங்கு செல் வித்தியாசம்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்றாங்களே, அது இந்த ரெண்டு ஸ்லைடுல முடிஞ்சிடுச்சு! எனக்கு இது ஒண்ணுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

ஆனா புக்ல செல்லுக்குள்ள காட்டுற மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் மாதிரி குட்டி உறுப்புங்க எல்லாம் தெரியும்னு நினைச்சு வாங்காதீங்க. சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் தான் பிரிச்சு காட்டும், மைட்டோகாண்ட்ரியா அதை விட மெல்லிசு, ரைபோசோமுக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பே வேணும். வேர் நுனில செல் பிரியறத குரோமோசோமோட பாக்கணும்னாலும் காலேஜ் லேப் தான். இலைக்கு பச்சை நிறம் குடுக்குற குளோரோபிளாஸ்ட் பச்சை பச்சையா தெரியும், மீன் தொட்டில வளக்குற ஹைட்ரில்லா இலை அதுக்கு சூப்பர்.

காந்தம் வச்சு போன் கேமராவோட ஒட்டிக்கலாம், அப்போ எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கலாம். போகஸ் கைக்கு வர கொஞ்சம் பொறுமை வேணும், சின்ன பசங்கன்னா பக்கத்துல உக்காருங்க. முக்கியமா ஒண்ணு, சூரியனை நேரா பாத்து புடிக்க விடவே விடாதீங்க, கண்ணு போயிடும். ஜன்னல் வெளிச்சமே போதும்.