தட்டா, நடையா? குறைத்த எடை திரும்பி வராமலிருக்க

நானும் என் மச்சானும் ஒரே வருடத்தில் எடை குறைத்தோம். நான் 11 கிலோ, அவர் 13. பெங்களூரு அல்சூரில் அடுத்தடுத்த தெருவில் வீடு. குறைத்து முடித்த பிறகுதான் இருவருக்கும் வழி பிரிந்தது. அவர் வாயைக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். நான் சாப்பாட்டில் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஏரிக்கரையில் தினமும் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்தேன்.

குறைக்கும் கட்டத்தில் போட்டியே இல்லை, தட்டுதான் ஜெயிக்கும். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. ஒரு மசாலா தோசையும் சர்க்கரை போட்ட காபியும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். நடந்தே கரைக்கிறேன் என்பவர் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

குறைத்த பிறகு கணக்கு மாறுகிறது. சிறுத்த உடம்புக்குச் செலவு குறைவு. அது போதாதென்று, எடைக்கு ஏற்ற அளவைவிடவும் கஞ்சமாகச் செலவழிக்க உடம்பு பழகிவிடுகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்வது இறங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து, ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2016-ல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவோ, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

அதே 14 பேரிடம் இன்னொன்றும் தெரிந்தது. போட்டி நடந்தபோது எவ்வளவு இளைத்தார்கள் என்பது சாப்பாட்டைக் குறைத்த அளவோடு ஒத்துப்போனது. ஆறு வருடம் கழித்து யார் எடையைக் காப்பாற்றினார்கள் என்பதோ, உடலுழைப்பைக் கூட்டிய அளவோடுதான் ஒத்துப்போனது. 14 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021-ல் வந்த டென்மார்க் ஆய்வில் 195 பேர். எட்டு வாரக் கடும் டயட்டில் சராசரியாக 13 கிலோ இறங்கிய பிறகு அவர்களை நான்காகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 6 கிலோ திரும்பியது. அவர்களோடு ஒப்பிட்டால் உடற்பயிற்சி செய்தவர்கள் 4 கிலோ குறைவாக நின்றார்கள். பயிற்சியோடு, பசியைக் குறைக்கும் லிராகுளுடைட் ஊசியும் போட்டவர்கள் எடையை இன்னும் நன்றாகக் காத்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் மச்சான் ஒரே கேள்வியில் மடக்குவார். "அப்ப உங்க வாக்கிங் கோஷ்டியில பாதிப் பேருக்குத் தொப்பை ஏன் மாப்ள?"

நியாயமான கேள்விதான். நடை முடிந்ததும் எங்கள் கூட்டம் நேராகப் போவது தர்ஷினி ஓட்டலுக்கு. நின்றபடியே இட்லி, வடை, அப்புறம் காபி. "இன்னிக்கு ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா" என்று ஒருவர் சொன்னால் தட்டில் இரண்டாவது வடை வந்துவிடும். சம்பாதித்த 250-ஐ அங்கேயே கட்டிவிட்டு, கடனும் வைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். நடையின் பெரிய ஓட்டை இதுதான்: பசியைவிட, உழைத்துவிட்டோம் என்ற உரிமை உணர்வு ஆபத்தானது. பெங்களூரு மழையும் இருக்கிறது. வெளிவட்டச் சாலையில் வேலை என்றால் போக வர நேரமெல்லாம் போய்விடும், நடக்க எங்கே நேரம்?

தட்டுக்கு நேரமும் வேண்டாம், ஷூவும் வேண்டாம். ஆனால் அதற்கு எதிரிகள் வீட்டிலேயே. "எனக்காக ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை" என்று நெய் மணக்கும் தோசையோடு அத்தை நிற்கும்போது கலோரி பேச முடியுமா? மச்சான் பத்து மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு இரண்டு கல்யாணம், ஒரு பொங்கல், ஆபீசில் வாரம் ஒரு பிறந்தநாள் கேக். 5 கிலோ வந்து உட்கார்ந்துகொண்டது. பயிற்சி இல்லாமல் இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு.

அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் உடற்பயிற்சியை விடவில்லை, சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம். பெரும்பாலோர் சாப்பாட்டிலும் கட்டுப்பாடாகவே இருக்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் என்பதால் இதைவைத்துக் காரணம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் குறைத்ததைக் காக்க ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் நடையை எடுப்பேன், வடையில்லாத நடையை. தட்டு மட்டும் போதும் என்ற மச்சானின் வாதம் எனக்கு ஏறவில்லை.

அவருக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். போன மாதம் முதல் ஏரிக்கரைக்கு வருகிறார். நான் எடை மெஷின் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை, காபிக்கு முன்னால், இரண்டு பேரும் ஏறிப் பார்ப்போம். போன வாரம் நான் 72.4, அவர் 79. தர்ஷினியில் யார் பில் கட்டுவது என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.