த்ரெட்லோக்கலுடன் எட்டு ஆண்டுகள்

ஜாவாவில் த்ரெட்லோக்கல், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் (நிரல் ஓடும் தனி இழை) தனக்கென ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம், 1998-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நான் அதை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் இதைவிட வசதியான ஒன்று இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். கோரிக்கை உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே ஒரு ஃபில்டர் பயனர் எண்ணையும் கோரிக்கை எண்ணையும் அதில் போட்டுவிடும். இருபது மெத்தட் ஆழத்தில் யாருக்குத் தேவையோ அங்கே எடுத்துக்கொள்ளலாம். எந்த மெத்தடுக்கும் கூடுதல் பாராமீட்டர் வேண்டாம். ஒரு கோரிக்கையை ஒரே த்ரெட் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்துக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை.

அறிக்கை தயாரிக்கும் வேலை மெதுவாக இருக்கிறது என்று அதைப் பின்னணி த்ரெட்டில் ஓட்டும் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சருக்கு மாற்றினோம். அந்த த்ரெட்டில் பயனர் எண்ணைக் கேட்டால் நல் மதிப்பு, அதாவது வெறுமை, வந்தது. உடனே நல் பாயிண்டர் பிழை. இன்று திரும்பிப் பார்க்கையில், அதுதான் இந்த எட்டு ஆண்டுகளில் நான் சந்தித்த மிக நேர்மையான பிழை. விழுந்த இடத்திலேயே கத்தியது.

அதைச் சரிசெய்கிறேன் என்று நான் செய்ததுதான் பெரிய வினை. த்ரெட்லோக்கலை எடுத்துவிட்டு இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கலைப் போட்டேன். தாய் த்ரெட்டின் மதிப்பைச் சேய் த்ரெட் பெற்றுக்கொள்ளும் என்று ஆவணம் சொல்கிறது. சோதனைகளும் பச்சை காட்டின. நேரலைக்குப் போன அன்று மாலையே ஒரு பயனரின் அறிக்கையின் தலைப்பில் இன்னொருவர் பெயர் வந்தது. நிரலின் பதிவேடான லாகைத் திறந்து பார்த்தேன். காலை முதல் ஓடிய நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் எட்டே எட்டு பயனர் எண்கள்தான் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எங்கள் த்ரெட் பூலின், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படும் த்ரெட்களின் தொகுப்பின், அளவும் எட்டு.

சேய் த்ரெட் மதிப்பைப் பெறுவது அது பிறக்கும்போது மட்டும்தான். பூலின் அடிப்படை அளவு நிரம்பும்வரை, வருகிற ஒவ்வொரு வேலைக்கும் பூலை நடத்தும் எக்ஸிகியூட்டர் ஒரு புதிய த்ரெட்டை உருவாக்குகிறது. ஆகவே முதல் எட்டு கோரிக்கைகளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பதாவது கோரிக்கை பழைய த்ரெட் ஒன்றில் ஏறியது. அந்த த்ரெட்டோ தான் பிறந்த நேரத்துப் பயனரின் எண்ணையே இன்னும் மடியில் கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சோதனை அனுப்பியது ஐந்து கோரிக்கைகள். எப்படிப் பிடிபடும்?

நாங்கள் வைத்திருந்த மதிப்பு உண்மையில் த்ரெட்டுக்குச் சொந்தமானதல்ல, வேலைக்குச் சொந்தமானது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வேலை இடம் மாறினால் மதிப்பும் கூடவே போக வேண்டும், வேலை முடிந்தால் த்ரெட் வெறுங்கையோடு நிற்க வேண்டும். த்ரெட்லோக்கல் இந்த இரண்டையும் செய்யாது. இரண்டையும் நாம்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, வேலையைச் சுற்றி ஓர் உறை எழுதினோம். ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பில் இதற்கு டாஸ்க் டெக்கரேட்டர் என்று ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். பூலிடம் ஒப்படைக்கும் நேரத்தில் மதிப்பைப் பிடித்துக்கொள், பின்னணி த்ரெட்டில் தொடங்கும்போது வை, வேலை எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலியில் அழி. லாக் எழுதும் நூலகமான லாக்பேக்கில், வரிகளோடு சேர வேண்டிய விவரங்களை த்ரெட்டோடு வைத்திருக்கும் எம்டிசிக்கும் இதே முறைதான். அதன் மேப்பை நகலெடுத்துத் தரும் மெத்தட் சில நேரம் நல் மதிப்பைத் திருப்பித் தரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நகல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாறக்கூடிய பொருளின் சுட்டியை அப்படியே கடத்தினால் இரண்டு த்ரெட்களும் ஒரே மேப்பில் எழுதும். அந்த வகைப் பிழையைத் தேடி ஒரு வாரம் செலவழித்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

இந்த உறையிலும் ஓர் ஓட்டை இருந்தது, நெரிசலான நேரத்தில் மட்டும் தெரிகிற ஓட்டை. சில கோரிக்கைகளின் லாக் வரிகளில் பாதி வழியில் கோரிக்கை எண் மறைந்துவிடும். மீதி வரிகள் அனாதையாக நிற்கும். எங்கள் பூலின் வரிசை நிரம்பினால், ஒப்படைத்தவரே வேலையைச் செய்துகொள்ளட்டும் என்ற கொள்கையை வைத்திருந்தோம். அப்போது பின்னணி வேலை, கோரிக்கையைக் கவனிக்கும் அதே த்ரெட்டில் ஓடுகிறது. வேலை முடிந்ததும் எங்கள் ஃபைனலி கடமை தவறாமல் எல்லாவற்றையும் அழித்தது, கோரிக்கையின் சொந்த எண்ணையும் சேர்த்து. மருந்து ஒரு வரிதான்: அழிக்காதே, முன்பு இருந்ததை எடுத்து வைத்திருந்து திரும்ப வை. இப்போது யார் இந்த உறையை எழுதிக்கொண்டு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

நினைவகக் கசிவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். த்ரெட்லோக்கலின் உள் மேப்பில் சாவி பலவீனச் சுட்டி (நினைவகத்தை விடுவிப்பதைத் தடுக்காதது), மதிப்போ வலுவான சுட்டி (தடுப்பது). பூல் த்ரெட் சாகாமல் இருக்கும்வரை மதிப்பும் சாகாது. டாம்கேட் சேவையகம் இதைக் கண்டால் எச்சரிக்கை எழுதும். அதைப் படியுங்கள், போதும்.

இடையில் ஒன்றரை ஆண்டு பைத்தானில் வேலை செய்தேன். அங்கே சிக்கல் தலைகீழ். பல டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் அசிங்க்ஐஓவில் எல்லா டாஸ்க்குகளும் ஒரே த்ரெட்டில் ஓடுகின்றன. ஆகவே த்ரெட்டோடு கட்டிய மதிப்பு அத்தனை பேருக்கும் பொதுவாகிவிடுகிறது. ஓர் அவெய்ட் (டாஸ்க் காத்திருக்கும் இடம்) கடந்து திரும்பி வருவதற்குள் வேறொரு டாஸ்க் அதை மாற்றியிருக்கும். 3.7 பதிப்பில் வந்த காண்டெக்ஸ்ட்வார்ஸ் இதைச் சுத்தமாகத் தீர்க்கிறது. டாஸ்க் பிறக்கும்போதே சூழலின் நகல் ஒன்றைப் பெறுகிறது. சேய் மாற்றினால் தாய்க்குத் தெரியாது. நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். ஒரே குறை, ரன் இன் எக்ஸிகியூட்டர் மூலம் வேறு த்ரெட்டுக்கு வேலையை அனுப்பினால் சூழல் கூடவே போகாது. 3.9-இல் வந்த டு த்ரெட் மூலம் அனுப்பினால் போகும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

ஜாவாவுக்குத் திரும்பியபோது 21-ஆம் பதிப்பின் எடை குறைந்த விர்ச்சுவல் த்ரெட்கள் வந்திருந்தன. ஒரு வேலைக்கு ஒரு த்ரெட், வேலை முடிந்தால் த்ரெட்டும் முடிந்தது, பூல் கிடையாது. அதனால் ஒன்பதாவது கோரிக்கைச் சிக்கல் தானாகவே போய்விடுகிறது. ஆனால் விலையுயர்ந்த பொருள்களை த்ரெட்லோக்கலில் சேமித்து மறுபயன் செய்யும் பழைய உத்தி இங்கே வீண். லட்சம் த்ரெட் என்றால் லட்சம் நகல். தேதி வடிவமைப்பியை அப்படி வைத்திருந்த ஒரு பழைய நூலகத்தை அதற்காகவே மாற்றினோம்.

2025-இல் வந்த 25-ஆம் பதிப்பில் ஸ்கோப்டு வேல்யூ நிலைபெற்றதும் புதிய நிரல்களில் அதற்கு மாறினேன். மதிப்பைக் கட்டுகிறோம், ஒரு தொகுதியை ஓட்டுகிறோம், தொகுதி முடிந்ததும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. நடுவில் யாரும் மாற்ற முடியாது. அழிக்க மறப்பதற்கும் வழியில்லை. சாதாரண எக்ஸிகியூட்டருக்கு வேலை போனால் மதிப்பு தானாகப் போகாது என்பது மட்டும் மாறவில்லை. ஆகவே உறை இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

இப்போது த்ரெட்லோக்கலில் நான் வைப்பது லாகுக்கான கோரிக்கை எண் ஒன்றுதான். யார் என்பதைப் பொறுத்து முடிவெடுக்கும் எதையும், அதாவது பயனர் எண், உரிமைகள் ஆகியவற்றை, பாராமீட்டராகவே கடத்துகிறேன். மெத்தட்டின் பாராமீட்டர் பட்டியல் நீளமாகிறது என்று குழுவில் முணுமுணுப்பார்கள், நீளமாகட்டும். லாகில் எண் தவறினால் எனக்குத் தலைவலி, உரிமை தவறினால் பயனருக்கு இழப்பு.

பழைய நிரல்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு த்ரெட் கொண்ட பூல், மூன்று வேலைகள். முதலாவதற்கு ஓர் எண், இரண்டாவதற்கு வேறோர் எண், மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. மூன்றாவது வேலை நல் மதிப்பைப் படித்தால்தான் சோதனை தேறும். கடந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் அழகாக எழுதிய உறை அதில் தோற்றது. பிடித்த மதிப்பு நல் என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடு என்று எழுதியிருந்தார். த்ரெட்டில் இரண்டாமவரின் எண் அப்படியே உட்கார்ந்திருந்தது.