கிளார்க்கை எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்தர் சி. கிளார்க் என்றால் ரியூசன் பெடியள் 'ஆர் அது?' என்று கேட்கிறார்கள். 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இந்த இலங்கைத் தீவில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர். சரி, எந்த நாவலைக் கையில் கொடுப்பது?

'ரெண்டெவூ வித் ராமா' (1973) கடகடவென்று ஓடும். 50 கிலோமீட்டர் நீளமான உருளை ஒன்று சூரியக் குடும்பத்துக்குள் வருகிறது. மனிதர்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் பாத்திரங்களின் பெயரை மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979) மெதுவாகத்தான் நகரும். எனக்கு அதுதான் பிடிக்கும். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் வருகின்றன. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பால் போகும் விண்தூக்கிக்கு (விண்வெளிக்கு ஏறும் லிஃப்ட்) அடித்தளம் பூமத்திய ரேகையில் வேண்டும். அதற்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டார்! பருத்தித்துறையும் கூடவே போயிருக்கும். வேதாரண்யத்துக்கு வள்ளத்தில் போக எத்தனை நாளாகுமோ.

இரண்டுமே ஹியூகோ, நெபுலா என்ற அறிவியல் புனைகதை விருதுகளை வென்றவை, அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஏ.எல். கணிதம் படிக்கிற மருமகனுக்கு 'ராமா'வைக் கொடுத்தேன். சிவனொளிபாதமலை ஏறி முழங்கால் நொந்தவர்களுக்கு மற்றது.