வெப்பியா, ஏவிஃபா: ஆன்லைன் கடையின் பொருள் படங்களுக்கு எது?

கடைப் பக்கத்தில் 400 பிக்சல் இடத்தில் 4000 பிக்சல் படத்தைத் திணித்துவிட்டு ஃபார்மேட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அளவைச் சரிசெய்துவிட்டீர்கள், ஜேபெக்கை (JPEG) விட்டு நகரப் போகிறீர்கள் என்றால் எதிரே நிற்கும் பட ஃபார்மேட்கள் இரண்டு: கூகுள் 2010-ல் அறிவித்த வெப்பி (WebP), 2019-ல் வந்த ஏவிஃப் (AVIF).

கோப்பின் எடையில் பெரும்பாலும் ஏவிஃப்தான் ஜெயிக்கும். தரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அடர்சிவப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து உள்ள படத்தை இரண்டிலும் மாற்றி, பெரிதாக்கிப் பாருங்கள். வெப்பியில் எழுத்தின் ஓரம் சாயம் கசிந்தாற்போல் மங்கும். தரத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது முழுசாகப் போகாது. அதன் இழப்புள்ள முறை (கோப்பைச் சிறிதாக்கக் கொஞ்சம் விவரத்தை விட்டுவிடும் முறை) நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கும். ஏவிஃபில் நிறத்தை முழு அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டபடி சுருக்கினால் துணியின் நெசவு வழித்துவிட்டதுபோல் ஆகிவிடும். துணி விற்பவருக்கு அது வீண் வம்பு.

வெப்பியின் பலம் வேகம். ஏவிஃபாக மாற்ற நேரம் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் படம் ஏற்றும் கடையில் சர்வர் திணறும். ஆப்பிளின் சஃபாரி பிரௌசரும் வெப்பியை 2020-லேயே ஏற்றது, ஏவிஃபை 2022-ல்தான். பக்கத்தின் எச்டிஎம்எல் கோடில் பிக்சர் டேகில் இரண்டையும் வரிசையாகக் கொடுத்தால் பிரௌசர் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

என் ஓட்டு: பெரிதாக்கிப் பார்க்கும் படத்துக்கு ஏவிஃப், பட்டியலில் வரும் பொடிப் படங்களுக்கு வெப்பி. ஒரு விஷயம், படத்தை மாற்றும் சில கருவிகள் ஏவிஃபிலும் நிறத்தைப் பாதியாக்கியே தரும். அந்த அமைப்பை நாம்தான் மாற்ற வேண்டும்.